ஸ்டிக்ஸ் ஆற்றைக் கடக்கும் காரோன் (ஓவியம்)

ஸ்டிக்ஸ் ஆற்றைக் கடக்கும் காரோன் என்பது பிளெமிய ஓவியர் யோவாக்கிம் பாத்தினிர் மரப்பலகையில் எண்ணெய் வண்ணம் கொண்டு வரைந்த ஓவியமாகும். 1520க்கும் 1524க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது எனக் கருதப்படுகிறது. 64 செ.மீ. உயரமும் 103 செ.மீ. அகலமும் உடைய இது இப்போது ஸ்பெயின் நாட்டின் மத்ரித் நகரில் உள்ள பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்தின் தொடக்கக் காலப் படைப்புகளில் இது முக்கியமானது. இறந்தவர்களின் ஆன்மாக்களை ஆறு கடத்தும் கிரேக்கப் புராணப் படகோட்டியையும், கிறித்தவர்கள் நம்பிய சொர்க்க நரகங்களையும் இந்த ஓவியம் ஒரே காட்சிக்குள் கொண்டு வருகிறது.

ஓவியத்தில் கதைமாந்தர் சிறியவர்கள். ஆறும் கரைகளும் வானமும் பெரியவை. ஆயினும் இதில் நிலம் வெறும் பின்னணி அன்று. எந்தக் கரை ஏறுவதற்கு எளிது, எது கடினம், எங்கிருந்து எது தெரியும், எது தெரியாது என்பதையெல்லாம் வைத்தே கதை சொல்லப்படுகிறது.

ஓவியர்

பாத்தினிர் ஏறத்தாழ 1480இல் இன்றைய பெல்ஜியத்தின் தெற்கில், மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள தினான் பகுதியில் பிறந்தவர். அங்கே ஆற்றின் ஓரத்தில் செங்குத்தான பாறைகள் திடீரென எழுந்து நிற்கும். அவருடைய ஓவியங்களில் அடிக்கடி வரும் விசித்திரமான பாறைகளுக்கு அந்த இளமைக்கால நினைவே மூலம் என்று பலர் சொல்வதுண்டு.

1515இல் ஆண்ட்வெர்ப் நகர ஓவியர் சங்கத்தில் அவர் உறுப்பினரானார். அன்றைய ஆண்ட்வெர்ப் வட ஐரோப்பாவின் பெரும் வணிகத் துறைமுகம். அங்கு ஓவியங்களும் சந்தைப் பொருள்களாக விற்பனையாயின. வேற்று நாட்டு வணிகர்களும் வாங்கிச் சென்றனர். கோவில் பீடத்துக்கோ அரண்மனைக்கோ சொல்லி வைத்து வரையச் செய்யும் பழைய முறையோடு, ஆயத்தமாக வரைந்து விற்கும் முறையும் அங்கு வளர்ந்தது. இத்தகைய சந்தையில் ஓர் ஓவியர் குறிப்பிட்ட ஒரு வகையில் மட்டும் தேர்ச்சி பெற்றுப் பிழைக்க முடிந்தது. பாத்தினிர் நிலக்காட்சியைத் தேர்ந்துகொண்டார். சில வேளைகளில் அவர் நிலத்தை வரைய, மனித உருவங்களை வேறொருவர் வரைந்தார். பிராடோவிலேயே இருக்கும் 'புனித அந்தோனியாரின் சோதனை' என்ற ஓவியத்தில் உருவங்கள் அவருடைய நண்பர் குவென்டின் மாட்சிஸ் வரைந்தவை.

செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1520-21இல் நெதர்லாந்துப் பகுதிகளில் பயணம் செய்தபோது பாத்தினிருடன் பழகினார். அவருடைய உதவியாளரையும் வண்ணங்களையும் தம் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். 1521 மே மாதம் நடந்த பாத்தினிரின் இரண்டாம் திருமணத்திற்கும் சென்றார். தம் பயண நாட்குறிப்பில் அவரை 'நல்ல நிலக்காட்சி ஓவியர்' என்று டியூரர் குறித்திருக்கிறார். ஓர் ஓவியரை 'நிலக்காட்சி ஓவியர்' என்று பெயரிட்டு அழைத்த மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. ஒரு கலைவகை பிறந்ததற்கு இப்படிப் போகிறபோக்கில் எழுதிய ஒரு சொல்லே சான்றாக நிற்கிறது.

பாத்தினிர் 1524இல் இறந்தார். சங்கத்தில் சேர்ந்த பின் அவர் வாழ்ந்தது பத்தாண்டுகள்கூட இல்லை. அதனால்தான் அவருடையவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஓவியங்கள் குறைவு; கையொப்பமிட்டவை அதனினும் குறைவு.

'உலக நிலக்காட்சி'

பாத்தினிருக்கு முன்பும் ஐரோப்பிய ஓவியங்களில் மலையும் ஆறும் உண்டு. ஆனால் அவை புனிதர்களின் தோளுக்குப் பின்னாலோ, சன்னல் வழியாகவோ எட்டிப் பார்க்கும் துண்டுக் காட்சிகள். பாத்தினிர் இந்த அளவை மாற்றினார். அவருடைய ஓவியங்களில் நிலமே பலகையை நிறைக்கிறது. புனிதரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பிற்காலக் கலை வரலாற்றாசிரியர்கள் இம்முறைக்கு 'உலக நிலக்காட்சி' என்று பெயரிட்டனர். மலை, காடு, வயல், நகரம், துறைமுகம், கடல் ஆகியவை ஒரே ஓவியத்தில் அடங்கியிருக்கும். உண்மையில் எந்த ஓரிடத்தில் நின்றாலும் இவை அனைத்தையும் ஒருசேரக் காண முடியாது. பார்ப்பவர் உயரத்திலிருந்து, ஏறக்குறைய ஒரு பறவையைப் போல, நிலத்தைப் பார்க்கிறார். அதனால் அடிவானம் பலகையின் மேற்பகுதிக்கு ஏறிவிடுகிறது. ஆனால் பாறைகளும் மரங்களும் மட்டும் நேர் எதிரே நின்று பார்ப்பது போலப் பக்கவாட்டில் வரையப்பட்டிருக்கும். இந்த முரண்பாட்டை முதல் பார்வையில் கண் உணர்வதில்லை.

தொலைவைக் காட்ட அவர் வண்ணத்தை நம்பினார். முன்னால் பழுப்பு, நடுவில் பச்சை, கடைசியில் நீலம். இதற்கு இயற்கையிலேயே காரணம் உண்டு. நமக்கும் தொலைவிலுள்ள மலைக்கும் இடையே இருக்கும் காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்கிறது; ஆகவே பசுமையான மலையும் தூரத்தில் நீலமாகத் தெரிகிறது. இந்த இயற்பியல் விளக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. ஓவியர்கள் கண்ணால் கண்டதை அதற்கு வெகுகாலம் முன்பே பயன்படுத்திக்கொண்டனர்.

காரோனும் அவனது ஆறும்

கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்களின் உலகம் ஹேடீஸ் எனப்படும். அதன் எல்லையில் ஓடும் ஆற்றை ஆன்மாக்கள் காரோனின் படகில் கடக்க வேண்டும். கூலியாக ஒரு காசு கொடுக்க வேண்டும் என்பதால், இறந்தவரின் வாயில் காசு வைத்து அடக்கம் செய்யும் வழக்கம் இருந்தது. ஆற்றின் பெயரில் பழைய நூல்களிடையே ஒற்றுமை இல்லை. சிலவற்றில் ஸ்டிக்ஸ், சிலவற்றில் அக்கெரோன். ஆற்றைக் கடந்தால் வாயிலில் மூன்று தலை நாயான செர்பரஸ் காவல் காக்கும்.

உரோமானியக் கவிஞர் வெர்ஜில் தம் 'ஈனீட்' காப்பியத்தின் ஆறாம் காண்டத்தில் காரோனை அழுக்கேறிய உடையும் சிக்குப் பிடித்த தாடியும் எரியும் கண்களும் கொண்ட கிழவனாகக் காட்டுகிறார். முறையாக அடக்கம் செய்யப்படாதவர்களை அவன் படகில் ஏற்றமாட்டான். அவர்கள் நூறு ஆண்டுகள் கரையிலேயே அலைய வேண்டும். தாந்தே பதினான்காம் நூற்றாண்டில் எழுதிய கிறித்தவக் காப்பியத்தின் நரகப் பகுதியிலும் இதே காரோன் வருகிறான். ஆக, பாத்தினிரின் காலத்துப் படித்தவர்களுக்கு இந்தப் படகோட்டி நன்கு அறிமுகமானவன்.

ஆனால் புராணக் காரோனின் படகில் ஏறியவருக்குத் தேர்வு என்று ஒன்று கிடையாது. இக்கரையில் ஏறினால் அக்கரையில் இறங்க வேண்டியதுதான். பாத்தினிர் செய்த பெரிய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றை அவர் குறுக்கே ஓடவிடவில்லை. பலகையின் நடுவே, அடிவானத்திலிருந்து பார்ப்பவரை நோக்கி நெடுக்காக ஓடவிட்டார். அதனால் இக்கரை அக்கரை என்பது போய், இடக்கரை வலக்கரை என்றாகிவிட்டது. எங்கே இறங்குவது என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது.

ஓவியத்தில் காண்பவை

பாத்தினிரின் வழக்கமான ஓவியங்கள் முன்னிலம், நடுநிலம், தொலைநிலம் என்று கிடைமட்ட அடுக்குகளாக அமைந்தவை. இந்த ஓவியம் அவற்றோடு, செங்குத்தாகவும் மூன்றாகப் பிரிகிறது. இடப்பக்கம் சொர்க்கம், நடுவில் அகன்ற ஆறு, வலப்பக்கம் நரகம்.

ஆற்றின் நடுவே படகு. அதில் வெள்ளை ஆடை சுற்றிய, நரைத்த தாடியுடைய காரோன் துடுப்புடன் நிற்கிறான். உருவங்கள் அனைத்திலும் பெரியவன் அவனே. அவனுடன் இருக்கும் ஆன்மா, ஆடையற்ற சிறிய மனித உருவம். அவன் பக்கத்தில் ஒரு குழந்தை அளவே தெரிகிறது. வேறு பயணிகள் இல்லை. வெர்ஜிலின் கரையில் ஆன்மாக்கள் பெருங்கூட்டமாக முண்டியடிக்கின்றன. இங்கே ஒரே ஓர் ஆன்மா. அது யார், ஆணா பெண்ணா, என்ன செய்து வாழ்ந்தது என்பதற்கு ஓவியம் எந்தக் குறிப்பும் தரவில்லை.

இடக்கரையில் தேவதூதர்கள் ஆன்மாக்களை அழைத்துச் செல்கின்றனர். பளிங்கு போன்ற ஒளிபுகும் குவிமாடக் கட்டடங்களும், வாழ்வின் நீரூற்றும் அங்கே தெரிகின்றன. உயிர்த்தெழுதலின் அடையாளமாகக் கிறித்தவக் கலையில் வழங்கிய மயிலும் உண்டு. தேவதூதர்கள் இருப்பதால் இது கிரேக்கரின் எலிசிய வெளி அன்று, கிறித்தவச் சொர்க்கம் என்று தெளிவாகிறது. வலப்பக்கமோ கலவையானது. நரகத்தின் வாயிலில் செர்பரஸ் படுத்திருக்கிறது. அது கிரேக்கப் புராணத்துக்கு உரியது. அதற்கு அப்பால் எரியும் நெருப்பும் வதைபடும் உருவங்களும், பாத்தினிருக்கு ஒரு தலைமுறை முந்தைய ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் வரைந்த கிறித்தவ நரகங்களை நினைவூட்டுகின்றன. இதே கரையில் குரங்கும் உண்டு. இடைக்காலக் கிறித்தவக் கலையில் குரங்கு சாத்தானின் அடையாளம்.

கரைகளின் பொறி

இனி நிலத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். ஓவியத்தின் உண்மையான கதை அதில்தான் இருக்கிறது.

சொர்க்கத்தின் பக்கம் ஆற்றோரம் கரடுமுரடானது. அங்கே செல்லும் வழி நேராகவோ எளிதாகவோ இல்லை. ஒரு மேட்டின் மீதிருந்து தேவதூதர் ஒருவர் அந்த வழியைச் சுட்டிக் காட்டுகிறார். நரகத்தின் பக்கமோ நீர்வழி தடையின்றிச் செல்கிறது. கரை தாழ்ந்து, புல்வெளியாக, கனி தாங்கிய மரங்களோடு இருக்கிறது, பறவைகளும் இருக்கின்றன. படகில் தாழ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு முதலில் கண்ணில் படுவது இந்தப் புல்வெளிதான்.

நல்வழி இடுக்கமானது, கேட்டுக்குச் செல்லும் வழி விசாலமானது என்னும் மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரக் கருத்து இதன் அடிப்படை. கிரேக்கரிடமும் இதற்கு இணையான கதை உண்டு. இளைஞனான ஹெர்குலிஸ் ஒரு கூட்டுவழியில் நின்று, அறத்தின் கடின வழிக்கும் இன்பத்தின் எளிய வழிக்கும் இடையே ஒன்றைத் தேர்கிறான். செனபோன் எழுதிய நூல் வழியாக அக்கதை மறுமலர்ச்சிக் காலத்தவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டையும் பாத்தினிர் சொற்களின்றி, மண்ணாலும் நீராலும் சொல்லிவிடுகிறார்.

உயரத்திலிருந்து பார்க்கும் 'உலக நிலக்காட்சி' முறை இங்கே முழுப் பயன் தருகிறது. மற்ற ஓவியங்களில் அது பரந்த உலகைக் காட்டி மகிழ்விக்கும் உத்தி. இங்கே அது பார்ப்பவருக்கும் ஆன்மாவுக்கும் இடையே ஒரு வேறுபாட்டை உண்டாக்குகிறது. மேலிருந்து பார்ப்பவருக்குப் புல்வெளிக்குப் பின்னால் உள்ள நெருப்பும் தெரியும், கரட்டுக் கரைக்கு அப்பால் உள்ள நீரூற்றும் தெரியும். நீர்மட்டத்தில் இருக்கும் ஆன்மாவின் கண்ணுக்கு எதிரே இருப்பவை கரைகள் மட்டுமே. அதற்குக் கிடைத்திருக்கும் ஒரே எச்சரிக்கை தேவதூதரின் சைகை.

அந்தச் சைகையை அது பார்க்கவில்லை. ஆன்மாவின் முகம் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. படகின் போக்கும் அப்பக்கமே. எனவே, ஆன்மா தேர்வு செய்யும் தருணம் என்று இந்த ஓவியத்தைச் சொல்வதைவிட, தேர்வு முடிந்த மறுகணம் என்று சொல்வதே பொருந்தும். காரோன் கட்டாயப்படுத்துவதாகத் தெரியவில்லை. பயணி பார்க்கும் திசையில் அவன் படகைத் திருப்புகிறான், அவ்வளவுதான். நரகத்தின் நெருப்பைவிட இந்த அமைதிதான் அச்சமூட்டுகிறது.

காலப் பின்னணி

இந்த இருண்ட முடிவுக்குக் காலமும் ஒரு காரணமாக இருக்கலாம். 1517இல் மார்ட்டின் லூதர் செருமனியில் தம் 95 கருத்துரைகளை வெளியிட்டார். மனிதன் மீட்படைவது எதனால், நற்செயலாலா, திருச்சபையின் சடங்குகளாலா, நம்பிக்கையினாலா என்ற வாதம் ஐரோப்பாவெங்கும் மூண்டது. ஆண்ட்வெர்ப்பிலும் அது தீவிரமாக இருந்தது. பாத்தினிரின் திருமண விருந்து முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. லூதர் கடத்தப்பட்டார் என்ற செய்தி ஆண்ட்வெர்ப்பில் இருந்த டியூரருக்குக் கிடைத்தது. அவர் இறந்துவிட்டாரோ என்று அஞ்சித் தம் நாட்குறிப்பில் நீண்ட புலம்பல் ஒன்றை டியூரர் எழுதினார். லூதர் உண்மையில் ஆதரவாளர்களால் பாதுகாப்பாக மறைத்து வைக்கப்பட்டிருந்தார்.

இதை வைத்துப் பாத்தினிரை லூதரின் ஆதரவாளர் என்றோ எதிர்ப்பாளர் என்றோ சொல்லிவிட முடியாது. ஓவியம் அந்த வாதத்தில் எந்தத் தரப்பையும் எடுக்கவில்லை. ஆனால் இறந்த பின் ஆன்மா எங்கே போகும் என்பது, அந்த ஆண்டுகளில் அந்த நகரத்தில், வழக்கமான பிரசங்கத் தலைப்பாக மட்டும் இருக்கவில்லை. மக்கள் அதற்காகச் சிறை சென்றார்கள், உயிரும் கொடுத்தார்கள். 1523இல் பிரசல்ஸ் நகரில் லூதரின் கருத்தைக் கைவிட மறுத்த இரண்டு அகுஸ்தீனியத் துறவிகள் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் ஆண்ட்வெர்ப் மடத்தைச் சேர்ந்தவர்கள்.

மரணப்படுக்கையில் இருப்பவரின் ஆன்மாவுக்காகத் தேவதூதரும் பேய்களும் போராடுவதைப் படங்களோடு விளக்கும் 'நல்மரணக் கலை' என்ற வகைச் சிறு நூல்கள் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே பரவலாக இருந்தன. அவற்றில் தேவதூதர் பெரும்பாலும் வென்றுவிடுவார்.

புராணமும் மதமும் கலந்தது

கிரேக்கப் படகோட்டியைக் கிறித்தவச் சொர்க்கத்தின் வாசலில் நிறுத்துவது இன்று வியப்பளிக்கலாம். மறுமலர்ச்சிக் காலத்தில் பழைய கிரேக்க, உரோமானிய நூல்கள் மீண்டும் ஆர்வத்துடன் படிக்கப்பட்டபோது இத்தகைய கலப்பு இயல்பாகவே நடந்தது. ஆயினும் எல்லோரும் அதை ஏற்கவில்லை. பாத்தினிர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ வரைந்த 'இறுதித் தீர்ப்பு' (1536-41) சுவரோவியத்திலும் காரோன் துடுப்பை ஓங்கி ஆன்மாக்களை விரட்டுகிறான். வழிபாட்டிடத்தில் புறச்சமயப் பாத்திரம் எதற்கு என்று அப்போதே கண்டனம் எழுந்தது. இரு காரோன்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு பெரிது. ஒருவன் அடித்து இறக்குகிறான். மற்றவன் கேட்ட இடத்தில் கொண்டுவிடுகிறான்.

நிலக்காட்சிக்குள் புராணத்தை வைப்பது பாத்தினிர் கண்டுபிடித்தது அன்று. ஒடீசியசின் பயணங்களைப் பரந்த நிலக்காட்சிகளாகக் காட்டும் கி.மு. முதல் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் உரோமின் எஸ்குலைன் குன்றில் இருந்தன. ஆனால் அவை மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1848இல்தான் வெளிப்பட்டன. பாத்தினிர் அவற்றை அறிந்திருக்க வாய்ப்பே இல்லை.

பின்னாளில்

பாத்தினிரின் பாணியை ஹெர்ரி மெட் டி பிளெஸ் முதலிய நெதர்லாந்து ஓவியர்கள் தொடர்ந்தனர். பீட்டர் புரூகல் வரைந்ததாக நெடுங்காலம் கருதப்பட்டு, இப்போது அவருடைய மூல ஓவியத்தின் பழைய நகல் எனப் பலரும் கருதும் 'இக்காரசின் வீழ்ச்சி' இந்த மரபில் வந்ததே. பிரசல்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில், வானிலிருந்து கடலில் விழுந்த புராண நாயகனின் கால்கள் மட்டும் ஒரு மூலையில் தெரியும். உழவன் தன்பாட்டுக்கு உழுதுகொண்டிருப்பான். பதினேழாம் நூற்றாண்டில் குளோட் லோரேன் புராண நிலக்காட்சியை மென்மையான மாலை ஒளிக்குக் கொண்டுபோனார். பாத்தினிரின் கவலை அதில் இல்லை.

1604இல் நெதர்லாந்து ஓவியர்களின் வரலாற்றை எழுதிய காரெல் வான் மாண்டர், பாத்தினிர் ஒரு குடிகாரர் என்றும், தம் நிலக்காட்சிகளில் எங்காவது ஒரு மூலையில் மலம் கழிக்கும் சிறு மனிதனை அடையாளமாக வரைவார் என்றும் எழுதிவைத்தார். அவர் இறந்து எண்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதிய இந்தச் செய்தியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் ஓவியங்களில் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்க்கும் பழக்கம் மக்களிடம் அன்றே இருந்தது என்பதை இது காட்டுகிறது.

பிராடோவில் பாத்தினிரின் ஓவியங்கள் நான்கு உள்ளன. ஸ்பானிய அரச குடும்பம் நெதர்லாந்தை ஆண்டதால் பிளெமிய ஓவியங்கள் பெருமளவில் ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தன. காரோன் ஓவியமும் அரசக் கருவூலத்தில் இருந்து அருங்காட்சியகத்துக்கு வந்ததே. 2007இல் பாத்தினிருக்கென்றே ஒரு தனிக் கண்காட்சியை பிராடோ நடத்தியது. இந்த ஓவியத்தின் உயர் தெளிவுப் படத்தை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் படகிலிருந்து தொடங்கி வலக்கரையின் மரங்கள் வழியாகச் செர்பரஸ் இருக்கும் வாயில் வரை கண்ணைச் செலுத்தினால் தடையே இருக்காது. அதன் பின் மீண்டும் படகிலிருந்து இடப்பக்கத்து நீரூற்றுக்குச் செல்லும் வழியைத் தேடிப் பார்க்க வேண்டும். சற்று நேரம் பிடிக்கும்.